நண்டு வண்டியும் தேக்குக் கதவும்

முதலிலேயே மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். எழுத்து கோணல்மாணலாக வரும். ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று மறந்துபோகும். நாலு பேர் முன்னால் நின்று பேசு என்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான், கெஸ்ட் ஹவுஸில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகள் நீங்கள் "ஒரு நாள் வந்து எங்களுக்கு எல்லாத்தையும் சொல்லுங்க" என்று கூப்பிட்டபோது, வரமாட்டேன், வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, பேசியே தொலைத்திருக்கலாம்.

நீங்கள் இப்போது மணல் தள்ளுகிற நண்டு வண்டியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். எண்ணெய் எப்போது மாற்றுவது, எந்த விசையைத் தட்டுவது என்பதெல்லாம் மெக்கானிக் சொல்வார். வண்டி நன்றாகத்தான் ஓடும். என்ன செய்வதென்று தெரியாமல் நாம்தான் முழிப்போம். அந்த நேரத்துக்கு உதவுகிற மாதிரி கொஞ்சம் என்னிடம் இருக்கிறது.

நம் கெஸ்ட் ஹவுஸைக் கட்டின முதலாளியை நாங்கள் முசே என்று கூப்பிடுவோம். பிரான்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை ஊரில் பழைய ஆட்கள் அப்படித்தான் கூப்பிடுவது. பட்டாளத்தை விட்ட பிறகும் முசே பிரான்சிலேயே ஏதோ ஒரு மலை ஊரில் ரொம்ப காலம் இருந்தார். அங்கே பனி கொட்டுமாம். நேஜ் என்பார் அதை. ரோட்டிலிருந்து வீடு வரைக்கும் நீளமான பாதையாம். பைக் மாதிரி இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருகிற நாலு சக்கர வண்டி ஒன்றின் முன்னால் இரும்புப் பலகை மாட்டி, காலையில் பனியை ஓரமாகத் தள்ளினால்தான் வீட்டுக்குள் ஒருவர் வரமுடியுமாம். அவர் ஊருக்குத் திரும்பி வந்தபோது தட்டுமுட்டுச் சாமானோடு அந்த வண்டியும் கப்பலில் வந்து இறங்கியது. இரும்புப் பலகையையும் விடாமல் கொண்டுவந்திருந்தார்.

புதுச்சேரியில் பனி தள்ளுகிற வண்டி! ஊரே சிரித்தது. ஆனால் நம் பாதையைப் பாருங்கள். கேட்டிலிருந்து கடலோரத்து வீடு வரைக்கும் நடந்தால், போட்ட வெற்றிலை வாயில் தீர்ந்துபோகும், அவ்வளவு நீளம். தெற்கே வெறும் மணல் திட்டு. வெயில் காலம் வந்தால் மத்தியானம் தென்காற்று கிளம்பி, திட்டு மணலை எல்லாம் பாதையில் கொண்டுவந்து கொட்டும். ஆட்டோக்காரர் கேட்டிலேயே கெஸ்ட்டை இறக்கிவிட்டு ஓடிவிடுவார். நாங்கள் மண்வெட்டியும் கூடையுமாக வாரிக்கொண்டே இருப்போம். முசே காலையில் காபியோடு வாசலில் நின்று பார்த்து, "நேஜ் விழுந்திருக்கு பாரு" என்பார். கடைசியில் வண்டியைத் தூசி தட்டி எடுத்தார். தாழ்வாக, நாலு காலைப் பரப்பிக்கொண்டு நிற்கிறதால் நாங்கள் அதற்கு நண்டு என்று பேர் வைத்தோம். முன்னால் இருந்த இரும்புப் பலகைக்கு முறம் என்று பேர்.

முதல் நாள் முசேயே ஓட்டினார். தலையில் கம்பளிக் குல்லா. சித்திரை வெயிலில்! "இது இல்லாம எனக்குக் கை ஓடாது" என்றார். முறத்தைத் தரையோடு தரையாக இறக்கிவிட்டு, சர்ரென்று போனார். மணல் போனது. மணலோடு செம்மண்ணும் போனது, அதன் அடியில் கொட்டியிருந்த ஜல்லியும் போனது. அவர் ஊரில் தார்ப் பாதை, எவ்வளவு சுரண்டினாலும் தார் நிற்கும். இங்கே நம்முடையது செம்மண் பாதை. வீட்டு வாசலுக்கு வந்து திரும்பிப் பார்த்தால், கேட் வரைக்கும் வாய்க்கால் வெட்டி வைத்த மாதிரி இருந்தது.

தோட்டக்காரர் ஏழுமலைக்கு வாய் சும்மா இருக்காது. "முசே, மணலத் தள்ளச் சொன்னா பாதையையே தள்ளிட்டீங்களே! இனிமே கெஸ்ட்டெல்லாம் போட்லதான் வரணும்."

"சிரிக்காத. மொத நாளு அப்பிடித்தான் இருக்கும்."

"ரெண்டாவது நாளு தள்றதுக்கு எதுவும் மிச்சமில்லியே முசே!"

அதற்குப் பிறகு முறத்தை இரண்டு விரல்கடை தூக்கி வைத்துத்தான் தள்ளுவது. அடிவரைக்கும் சுத்தம் பண்ணவேண்டும் என்று ஆசைப்படாதீர்கள் பிள்ளைகளே. கொஞ்சம் மணல் கிடக்கட்டும். ஆட்டோ வந்துவிடும், பாதையும் மிஞ்சும். நான் அறை துடைக்கும்போதும் இதைத்தான் நினைத்துக்கொள்வேன். சுவரில் ஒரு கறை போகவில்லை என்று தேய்த்துத் தேய்த்து, கடைசியில் கறை போய்ப் பெயின்ட்டும் போய், செங்கல் எட்டிப் பார்க்க வைத்த ஆட்களை எனக்குத் தெரியும்.

முசேக்கு இடுப்பு வலி வந்து, குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டி ஏழுமலை கைக்குப் போனது. அவர் ஓட்டினால், கடைசி பஸ்ஸைத் துரத்துகிற மாதிரி இருக்கும். மணல் இரண்டு பக்கமும் மத்தாப்பு மாதிரி பறக்கும். ஒரு நாள் காலையில் வெளியே மேசை போட்டு, ஒரு பிரான்சு அம்மா ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருந்தார். நண்டு பக்கத்தில் போனது. அந்த அம்மா ரொட்டியைக் கடித்த நறநற சத்தம், தள்ளி நின்ற எனக்கே கேட்டது.

முசே எங்கள் எல்லாரையும் வாசலில் கூப்பிட்டு நிறுத்தினார். "உங்கள்ல ரொம்ப மெதுவான ஆளு யாரு?"

யாரும் யோசிக்கவே இல்லை. எல்லாக் கையும் என் பக்கம் நீண்டது. எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

"வேணாம் முசே. எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது."

"நல்லதாப் போச்சி. சைக்கிள் ஓட்டத் தெரிஞ்சவன் இதையும் சைக்கிள் மாதிரிதான் ஓட்றான்."

"பொடவையோட எப்பிடி ஏறி உக்கார்றது? பாக்கறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்மா. சிரிச்ச மொகமா கெஸ்ட் வந்தா நமக்கு நல்லதுதானே?"

"யக்கா ஓட்டுனா ஓணான்கூட ஹாரன் அடிச்சிட்டு முந்திக்கிட்டுப் போவும்" என்றார் ஏழுமலை.

"அந்த மாதிரி ஆளுதான் எனக்கு வேணும். வேகமா ஓட்ட ஊரு முழுக்க ஆளு இருக்கு" என்று முசே முடித்துவிட்டார்.

புடவைக்கு மேல் என் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். அதில் கைப்பிடியில் இருக்கிற விசையைக் கட்டைவிரலால்தான் அமுக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அமுக்கினால் போகும், எடுத்தால் நிற்கும். பச்சைக் குழந்தைக்குச் சங்கில் பால் ஊட்டுகிற கை வேண்டும் அதற்கு. அவசரப்பட்டுச் சாய்த்தால் புரையேறிவிடும். கை எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. வெட்கம்தான் போகவில்லை. ரோட்டில் போகிறவர்கள் கேட்டில் நின்று வேடிக்கை பார்த்தால் முந்தானையை இழுத்து முகத்தில் போட்டுக்கொள்வேன். அப்படிப் போட்டுக்கொண்டு போய் ஒரு தடவை சவுக்கு மரத்தில் முட்டினேன். மரம் நல்ல மரம், ஒன்றும் சொல்லவில்லை. வெட்கப்படவேண்டுமென்றால் வண்டியை நிறுத்திவிட்டுப் படுங்கள்.

அப்புறம் காற்று. தெற்கே வெறும் இடமாகக் கிடக்கிறதே என்று ஆரம்பத்தில் மணலை அங்கேதான் தள்ளினேன். மறுநாள் காலையில் பார்த்தால் அத்தனையும் திரும்பப் பாதையில். யாரோ போட்ட பிஸ்கட் காகிதம் ஒன்று, நான் முதல்நாள் தள்ளிவிட்டது, அதுவும் கூடவே வந்து பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தது. முசேக்குப் பெரிய குழப்பம்.

"நேஜ் இப்பிடிப் பண்ணவே பண்ணாது! ஓரமா ஒதுக்கி வச்சா அங்கயே கெடக்கும். வெயில் வந்தா கரைஞ்சிடும்."

"இது கரையாது முசே" என்றார் ஏழுமலை. "என் மச்சான் மாதிரி. பஸ் ஏத்தி உட்டாலும் அடுத்த பஸ்ல வந்துடுவான்."

காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் தள்ளவேண்டும் என்று அப்படித்தான் கண்டுபிடித்தோம். தென்காற்றுக் காலத்தில் வடக்கே தள்ளு. வாடைக் காலத்தில் தெற்கே தள்ளு. வண்டியைக் கிளப்பும் முன்னால் சவுக்கு நுனி எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு பார்வை பார். இவ்வளவுதான் விஷயம், இதை நாங்கள் எல்லாருமே நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தோம். கற்றுக்கொண்டும் என்ன ஆனது என்பதுதான் அந்தக் கல்யாணக் கதை.

அந்த வருஷம் கெஸ்ட்டே சரியாக வரவில்லை. பிரான்சில் இருக்கிற முசேயின் மகள் போன் பண்ணும்போதெல்லாம் "பூட்டிட்டு இங்க வந்துடுங்கப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில், பெரிய மார்க்கெட் பக்கம் துணிக்கடை வைத்திருக்கிற ஒரு பாய் வந்து, தன் மகள் நிக்காஹையும் மத்தியானச் சாப்பாட்டையும் இங்கே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நமக்கு அதுதான் முதல் கல்யாணம். முசே எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: "இது நல்லா நடந்துச்சின்னா இன்னும் நாலு கல்யாணம் வரும், தொறந்து வச்சிருப்பேன். சொதப்புச்சின்னா பூட்டிட்டு மவகிட்டப் போயிடுவேன். நீங்க வேற எடம் பாத்துக்குங்க." கருவடிக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி வருகிற எனக்கு, அந்த வயதில் வேறு எந்த இடம்?

கல்யாணத்துக்கு வடக்குப் பக்கம் முழுக்க கார் நிறுத்த ஒதுக்கிப் பந்தலும் போட்டாயிற்று. மணலைத் தெற்கேதான் தள்ளவேண்டும். அதுவோ தென்காற்றுக் காலம். "ரெண்டு நாளைக்குத்தானே" என்றார் முசே. "ரெண்டு நாளைக்குத்தானே" என்றார் ஏழுமலை. நானும் தலையாட்டினேன். மணலைச் சுவர் மாதிரி உயரமாகக் குவித்துத் தட்டி, அதன் மேல் சீரியல் பல்பு மாலையும் போட்டோம். "எங்க ஊர்ல நேஜ் செவுரு இப்பிடித்தான் அழகா நிக்கும்" என்று முசே போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினார்.

காற்றுக்கு யார் போய்ச் சொல்வது, ரெண்டு நாளைக்குத்தான் என்று? ராத்திரியும் ஓயாமல் அடித்தது. விடியும்போது சுவரும் இல்லை, பாதையும் இல்லை. பாதை இருந்த இடத்தில் மணலுக்குள்ளிருந்து சீரியல் பல்புகள் மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தன.

மாப்பிள்ளை வீட்டார் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே நடந்து வந்துவிட்டார்கள். நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. ஆனால் பிரியாணி நடந்து வராதே! டவுனில் ஆக்கி, தம் போட்டு, மாவு வைத்து மூடி ஒட்டின பெரிய தேக்சா அண்டாக்களோடு வந்த குட்டியானை வண்டி கேட்டைத் தாண்டின உடனே மணலில் புதைந்து, வயிறு தரையில் பட உட்கார்ந்துவிட்டது. கூட வந்த சமையல் பண்டாரி தலையில் கைவைத்து நின்றார்.

விடிந்ததிலிருந்து தள்ளியும் தீராத மணலை, நண்டைக் கேட்டுப் பக்கம் கொண்டுபோய் மறுபடி தள்ள ஆரம்பித்தேன். காய்ந்த மணல். ஒரு முறம் தள்ளினால், குவியலிலிருந்து ஒன்றரை முறம் சரிந்தது. பந்தல் போட்ட ஆட்கள் மூங்கில் கட்டி ஒரு தேக்சாவைத் தூக்கிப் பார்த்தார்கள். இரண்டடி வைப்பதற்குள் முன்னால் போனவரின் கால் முழங்கால் வரை மணலில் இறங்கிவிட்டது, தேக்சா ஒரு பக்கம் சாய்ந்தது.

"எறக்கு! எறக்கு!" என்று பண்டாரி கத்தினார். "தம்முல இருக்கற சோறுய்யா! சாச்சீங்கன்னா அடி மசாலா மேல ஏறி எல்லாம் பொங்கலாப் போயிடும்! என் பேரு நாறிடும்!"

பெண்ணின் அத்தா, அந்தத் துணிக்கடை பாய், வேர்க்க வேர்க்க ஓடிவந்தார். "என்னம்மா, எப்ப ஆவும்? சகன் தட்டச் சுத்தி ஆளுங்க உக்காந்துட்டாங்க. நாலு நாலு பேரு, நடுவுல வெறுந்தட்டு. ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்காங்கம்மா! சம்பந்திய நான் எப்பிடிப் பாப்பேன்?"

"அலே, அலே! வேகமாத் தள்ளு!" என்று முசே ஒரு பக்கம்.

"யக்கா, நீ எறங்கு, நான் ஓட்றேன்!" என்று ஏழுமலை இன்னொரு பக்கம்.

நண்டின் சத்தம், இவர்கள் சத்தம். அந்தச் சத்தத்தில் எனக்கு யோசனையே ஓடவில்லை. சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தேன். வேறு எதையும் நினைத்துச் செய்யவில்லை. வண்டி நின்றதும், அதுவும் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து எல்லாரும் கப்சிப் ஆகிவிட்டார்கள்.

அந்த அமைதியில்தான் எனக்கு உறைத்தது. பாதை வேண்டும் என்று யார் கேட்டது? உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்கள் சோறுதானே கேட்கிறார்கள்?

"பாதைய உட்டுடலாம் முசே" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், அன்றைக்கு எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

"என்னாது?"

"ஒங்க ஊர்ல பாத மூடிப்போச்சின்னா சாமானெல்லாம் எப்பிடிக் கொண்டு போவீங்க? தள்ளி முடிக்கறவரைக்கும் பட்டினியாவா இருப்பீங்க?"

முசே தலையில் அடித்துக்கொண்டார். பிறகு துள்ளினார். "லூஜ்! பெரிய பலகையில வச்சி நேஜ் மேலயே இழுத்துக்கிட்டுப் போவோம்! வழுக்கிக்கிட்டு வரும்!"

அவ்வளவு பெரிய பலகைக்கு எங்கே போவது? மேசைக்குக் கால் இருக்கிறது, கட்டிலுக்கும் கால் இருக்கிறது. ஏழுமலையின் கண் போர்ட்டிகோவுக்குப் போனது. அங்கே முசேயின் தேக்குக் கதவு சாய்த்து வைத்திருந்தது. பீச் ரோட்டுப் பக்கம் ஒரு பழைய வெள்ளைக்காரர் வீட்டை இடித்தபோது, ஆசைப்பட்டு வாங்கி வந்து, பாலிஷ் போட்டு, எங்கே மாட்டுவது என்று முடிவு பண்ணமுடியாமல் வைத்திருந்த கதவு. அதை முசேதான் துடைப்பார். நாங்கள் ஈரத்துணியோடு அந்தப் பக்கம் போனாலே கத்துவார்.

"அது வேணாம்" என்றார் முசே. "அது என் தாத்தா காலத்துக் கதவு."

"சரி முசே, வச்சிக்குங்க" என்றார் ஏழுமலை. "எப்பிடியும் எடத்தப் பூட்டத்தான போறீங்க. பூட்டறதுக்கு ஒரு கதவு வேணும்."

முசே முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். "எடுங்கடா. நான் பாக்கல."

சமையல்கட்டுப் பெண்கள், பந்தல் ஆட்கள், மாப்பிள்ளையின் கூட்டாளிகள் எல்லாரும் சேர்ந்து சவுக்குத் தோப்பிலிருந்து சருகை அள்ளி வந்து மணல் மேல் பாய் மாதிரி பரப்பினார்கள். சவுக்குச் சருகில் செருப்புக்கால் வழுக்கி விழுந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். நண்டின் முறத்தைக் கழற்றினோம். கதவின் பித்தளை வளையங்களில் தாம்புக்கயிறு கட்டி, முன் விளிம்பு மணலில் குத்தாமல் கொஞ்சம் தூக்கலாக வண்டியோடு பிணைத்தோம். அடியில் சாக்கு போடலாம் என்று நான் நினைப்பதற்குள் தேக்சாவைத் தூக்கிக் கதவு மேல் வைத்துவிட்டார்கள். அடிக்கரி அப்படியே பாலிஷில் பதிந்தது. பார்க்கமாட்டேன் என்று சொன்ன முசே "உஸ்" என்றார், தன் மேலேயே வைத்த மாதிரி.

கட்டைவிரலை அமுக்கினேன். நடுவில் நிறுத்தினால் புதைந்துவிடும். வேகம் எடுத்தால் பிரியாணி குலுங்கிவிடும். சங்கில் பால் ஊட்டுகிற கைதான். கதவு ஒரு தடவை முனகிற்று, அப்புறம் சருகு மேல் வழுக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தது. பண்டாரி மூடி மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு கூடவே நடந்தார். "அப்பிடித்தாம்மா... அப்பிடியே... மவராசி, குலுக்கிடாத..." முன்னால் ஏழுமலை கையை வீசிக்கொண்டு ஓடினார். "வழி உடுங்க! வழி உடுங்க! பிரியாணி வருது!"

சாப்பிட உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து வெளியே வந்துவிட்டார்கள். எல்லார் கையிலும் போன். எல்லாப் போனும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் இடது கை முந்தானையைத் தேடிப் போனது. அப்போது அந்தச் சவுக்கு மரம் ஞாபகம் வந்தது. கையை எடுத்துத் திரும்பக் கைப்பிடியிலேயே வைத்தேன். முகம் திறந்தே, வீட்டுவாசல் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன்.

பண்டாரி அங்கேயே மாவை உடைத்து மூடியைத் திறந்தார். ஆவி அடங்கினதும் எல்லாரும் எட்டிப் பார்த்தோம். மேலே போட்ட குங்குமப்பூப் பால் வழிந்த கோடுகூடக் கலையாமல் இருந்தது. பெண்ணின் அத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு சகனை நிரப்ப ஓடினார். மிச்சத் தேக்சாக்களையும் அப்படியே ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தேன். சாயங்காலம் கல்யாணப் பெண், "அத்தா, பிரியாணிக்கு மட்டும் கதவு வண்டி, எனக்கு இல்லியா?" என்று அடம்பிடித்து, ஜமுக்காளம் விரித்த கதவில் மாப்பிள்ளையோடு உட்கார்ந்து, கேட் வரைக்கும் கையாட்டிக்கொண்டே போனது. மாப்பிள்ளைதான் பயந்து இரண்டு கையாலும் பித்தளை வளையத்தைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வீடியோ எங்கெங்கோ போயிற்றாம். "கதவுல வச்சி இழுப்பாங்களே, அந்த எடமா?" என்று கேட்டு அடுத்த கல்யாணம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. முசே மகளிடம் போனார், பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். கதவை எங்கே மாட்டுவது என்பதற்கும் முடிவு கிடைத்தது. நீங்கள் தினமும் தாண்டிப் போகிறீர்களே, சாப்பாட்டு ஹால் வாசல், அங்கேதான். கரி வளையம் போக இன்னொரு தரம் பாலிஷ் போடலாமா என்று தச்சர் கேட்டபோது முசே அவரை அடிக்காத குறை.

எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினால் முதலில் வண்டியை அணையுங்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இதில் தப்பு இருக்கும். நண்டு அப்போது பச்சைப் பெயின்ட்டா சிவப்பா என்று எனக்குச் சந்தேகம், ஏழுமலையிடம் கேளுங்கள். அவர் சொல்வதிலும் பாதியைத்தான் நம்புங்கள். கதவில் கரி வளையம் இரண்டா மூன்றா என்றும் மறந்துவிட்டது. ஒன்று அரை வட்டம்தான் இருக்கும், கடைசித் தேக்சாவை ஓரத்தில் வைத்துவிட்டோம். யாராவது ஒரு நடை போய்ப் பார்த்து, எண்ணித் திருத்திக்கொள்ளுங்கள். போகிறவர் ஈரத்துணியைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.